சிவப்புத் திரையில் ஒரு பச்சைப் பொத்தான்

அந்தச் சிவப்புத் திரைக்காக ஈவாஞ்சலின் கம்பெனியில் நிறைய சண்டை போட்டிருந்தாள். நாசரேத்தில் பிறந்து, பெங்களூரில் செயலி வடிவமைப்பு படித்துவிட்டு, ஊர்ப்பக்கம் உருப்படியாக ஏதாவது செய்யலாம் என்று தூத்துக்குடிக்கு வேலைக்கு வந்தவள். 'நாடித்துணை' என்ற அந்தச் செயலி இரத்த அழுத்தக்காரர்களுக்கானது. வீட்டிலேயே பிரஷர் பார்க்கலாம்; எல்லை தாண்டினால் செல்போன் முழுக்கச் சிவக்கும்; கீழே பெரிதாய் ஒரே ஒரு பச்சைப் பொத்தான் வரும். அதைத் தொட்டால் ஊர் நர்ஸ் ஜீவமணிக்கு அழைப்பு போகும். பயந்து கிடப்பவர் கண்ணில் வேறெதுவும் படக் கூடாது என்பதில் ஈவாஞ்சலின் உறுதியாக இருந்தாள். கடலோர ஊரான தருவைகுளத்தில் கூட்டம் போட்டு மீனவக் குடும்பங்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள்.

அதன்பிறகு கம்பெனியில் அவளை வேறு வேலைக்குப் போட்டுவிட்டார்கள். மழைக்காலம் முடிந்து தருவைகுளத்துக்கு அவள் மறுபடி போனபோது, இனிகோவின் வீட்டுக்குள் நுழைந்ததுமே புளித்த பாசி வாடை முகத்தில் அடித்தது.

கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து ஓயாமல் கேள்வி கேட்ட இனிகோ கட்டிலில் சாய்ந்து கிடந்தார். வாய் ஒருபக்கமாய் இழுத்திருந்தது. வலது கை மடியில் கிடந்தது. அவர் மனைவி ஷெர்லின் துண்டால் அவர் மோவாயைத் துடைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்து வைத்தாள். உள்ளே பச்சையாய் ஒரு பொடி. வாடை அதிலிருந்துதான் வந்தது.

"செல்லு செவந்தா பச்சைய அமுக்கணும்னு நீங்கதான மீட்டிங்ல சொன்னிய," என்றாள் ஷெர்லின். "அவுகளும் அமுக்குனாவ. ரெண்டொரு நாள்ல இந்தப் பவுடர் வீடு தேடி வந்துட்டு. ஆஸ்பத்திரி செல்லே அனுப்புதுன்னா நல்ல மருந்தாத்தான் இருக்கும்னு மாத்திரய நிப்பாட்டிட்டாவ. பொறவுதான் வாதம் அடிச்சிட்டு."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் ஈவாஞ்சலினுக்குத் தாங்கவில்லை. இனிகோவின் போனை வாங்கிப் பார்த்தாள். அதே சிவப்பு, அதே பச்சை. பொத்தானில் இருந்த எழுத்து மட்டும் மாறியிருந்தது: 'இயற்கைத் தீர்வு பெற.' நர்ஸை அழைக்கும் வழி மூன்று திரை தள்ளி, சின்ன எழுத்தில் கிடந்தது. இனிகோ அவளைப் பார்த்து என்னவோ சொல்ல முயன்றார். சொல் வரவில்லை; எச்சில்தான் வழிந்தது. ஷெர்லின் மறுபடி துடைத்தாள்.

டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேராக அலுவலகம் போனாள். கம்பெனியை நடத்தும் அச்யுதன் ஸ்ரீவைகுண்டத்துக்காரர். கனிவாகப் பேசுவார், காலைச் சாப்பாடு முடிந்ததும் எல்லார் முன்னாலும் தன் பிரஷர் மாத்திரையை விழுங்குவார். அவள் போனபோது மறுநாள் வரவிருந்த முதலீட்டாளர்களுக்காக வாங்கிய மக்ரூன் இனிப்பை ருசி பார்த்துக்கொண்டிருந்தார். இனிகோவைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். பாவம், வயசாச்சு, எல்லாத்துக்கும் நம்மைக் காரணம் சொல்ல முடியுமா என்றார். மாத்திரையை நிறுத்தச் செயலி எங்கேயும் சொல்லவில்லையே என்றார்.

"பொத்தானை ஏன் சார் மாத்தினீங்க?"

"அந்த ஸ்கிரீன்ல வைக்கறதுதான் விக்கும், ஈவா. பயந்தவன் யோசிக்க மாட்டான், நேரா அமுக்கிடுவான்." விரலில் ஒட்டிய துகளை நக்கிக்கொண்டு சிரித்தார். "டிசைன் உன்னோடதுதானே. கிரெடிட் உனக்குத்தான்."

டப்பாவைப் பைக்குள் திணித்துக்கொண்டு அருவருப்போடு வெளியே வந்தாள். கழிப்பறையில் முகம் கழுவியபோது கண்ணாடியில் தன்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் செயலியைச் செய்துகாட்டும் பொறுப்பு அவளுடையது. முதலீட்டாளர்களாக ஒரு அம்மாளும் ஒரு இளைஞரும் வந்திருந்தார்கள். ஈவாஞ்சலின் அச்யுதனின் கையிலேயே பிரஷர் மெஷின் பட்டையைச் சுற்றினாள். அவரும் சிரித்தபடி கையை நீட்டினார். அன்றைய படபடப்போ என்னவோ, திரை சிவந்தது. பொத்தானைத் தொடுங்கள் என்றாள், தொட்டார். பையிலிருந்து இனிகோ வீட்டு டப்பாவை எடுத்து, ஒரு தம்ளர் தண்ணீரில் பொடியைக் கலக்கி அவர் முன் வைத்தாள். பச்சை நுரை மேலே எழும்பியது. அறை முழுக்க அழுகிய பாசி நாறியது.

"இனிமே மாத்திரை வேண்டாம் சார். இதைக் குடிங்க. நம்ம செயலி சொல்லுது."

அச்யுதன் தம்ளரைத் தொடவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி மூக்கைத் திருப்பிக்கொண்டார். இதைக் குடித்தவர் தருவைகுளத்தில் எப்படிக் கிடக்கிறார் என்பதை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்த அம்மாள் கையிலிருந்த மக்ரூனைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். இளைஞர் மட்டும் தம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்தப் பவுடர்ல மார்ஜின் எவ்வளவு நிக்குது?" என்று அச்யுதனைக் கேட்டார்.

அதுவரை ஒரு மனிதன்மேல் இருந்த அருவருப்பு அந்தக் கேள்வியில் அறை முழுக்கப் பரவிவிட்டது. அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டு ஈவாஞ்சலின் வெளியேறினாள்.

ஜீவமணியைக் கூட்டிக்கொண்டு சுகாதார அலுவலகம் போய்ப் புகார் கொடுத்தாள். விசாரணை வந்தது. தருவைகுளத்தில் செயலிக்குக் கொடுத்த அனுமதி ரத்தானது. ஜீவமணி வீடுவீடாகப் போய், பொடியை நம்பி நிறுத்தியவர்களை மறுபடி மாத்திரைக்குக் கொண்டுவந்தாள். அச்யுதன் ஒன்றும் நொடிந்துபோகவில்லை. வேறு மாவட்டத்தில், வேறு பெயரில், சட்டத்துக்குப் பயந்து பொடியைச் சத்துணவு என்று எழுதி அதே திரையோடு கடை விரித்தார். அங்கேயும் புகார் எழுதினாள் ஈவாஞ்சலின். இன்னும் பதில் இல்லை.

பிறகு ஜீவமணியோடு சேர்ந்து எளிமையான ஒன்றைச் செய்தாள். விற்பனை கிடையாது, திரையும் கிடையாது. மாத்திரை தீரப்போகிற நேரத்தில் நர்ஸின் குரலில் ஒரு அழைப்பு வரும், அவ்வளவுதான். இதில் சேர்கிறீர்களா என்று முதலில் ஷெர்லினிடம்தான் கேட்கப் போனாள். இனிகோ வாசலில் கம்பூன்றி நின்று, கோணிய வாயால் அவள் பெயரைக் கஷ்டப்பட்டுச் சொன்னார். ஷெர்லின் நாற்காலி போட்டாள், காப்பி கொடுத்தாள், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க நல்லவுகதான். ஆனா இந்த வீட்டுக்கு இனி செல்லு வைத்தியம் வேண்டாம். மாத்திரய நானே ஞாபகம் வச்சிக் குடுத்துக்கிடுதேன்."

ஈவாஞ்சலின் வற்புறுத்தவில்லை. காப்பியைக் குடித்து முடித்து, இனிகோவிடம் சொல்லிக்கொண்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனாள்.