சின்னவள் வாய் திறக்காத மதியம்

அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வதில்லை என்பதைக் கல்யாணத்துக்கு முன்னால் மருமகளிடம் யாரும் மூச்சுவிடவில்லை. வந்த பிறகுதான் பார்த்தாள். ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பேச்செல்லாம் சின்னவள் வழியாகத்தான். அப்பாவோடு செய்த குழாய் வேலையை விட்டுவிட்டு மகன் ஒரு டைல்ஸ் கடைக்கு மேனேஜராகப் போனதில் ஆரம்பித்த கோபம். பிடிவாதத்தில் மட்டும் அவன் அச்சு அசல் அப்பா பிள்ளை.

சின்னவள், அதாவது மருமகளின் நாத்தனார், கல்லூரியில் மக்கள் தொடர்பும் குடும்பவியலும் கடைசி வருஷம் படிக்கிறாள். படிப்பு முழுவதையும் வீட்டில்தான் செலவழித்தாள். "துரைக்கு இன்னும் விடியலியாமா?" என்று அப்பா உறுமுவார். அவள் அண்ணன் அறைக்குள் தலையை நீட்டி, "அண்ணா, உடம்பு கிடம்பு சரியில்லையான்னு அப்பா கேக்கறார்" என்பாள். "அவருக்கு வேற வேலையே இல்லியா?" என்று உள்ளேயிருந்து வரும். "இதோ எழுந்துட்டாம்பா" என்று வெளியே போய்ச் சேரும். மருந்துக்கடையில் நாள் முழுக்கச் சிடுமூஞ்சிகளோடு மல்லுக்கட்டும் மருமகளுக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பிரமிப்பாக இருக்கும். நாத்தனார் என்றாலே பயந்துகொண்டு வந்தவள், ஒரே மாதத்தில் அவளுக்கு ரசிகையாகிவிட்டாள்.

இப்போது தனிக்குடித்தனம். இரண்டு பேர் வேலைக்கும் பக்கமாக ஒரு வீடு பார்த்தாயிற்று, திங்கட்கிழமை சாவி வாங்க வேண்டும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு போகிறான் என்று அவர் நினைத்துவிட்டால் உறவு அதோடு முறிந்தது. மருமகளுக்குத் தூக்கம் போயிற்று. கணவனோ, "சின்னவ பாத்துப்பா" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தான்.

ஞாயிறு மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது சின்னவள் பேனாவும் காகிதமுமாக மேஜை ஓரத்தில் வந்து அமர்ந்தாள்.

"இன்னிக்கு எனக்குக் குடும்பவியல் செய்முறை. நீங்க பேசறதை நான் கவனிக்கணும், அவ்வளவுதான். நான் வாயைத் திறக்கக்கூடாது. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தருக்கு யாரும் எடுத்துச் சொல்லவும் கூடாது. அம்மா, உனக்கும்தான். அண்ணி, நீங்களும். மீறினா என் மார்க் போயிடும்."

"இது என்ன கூத்து?" என்றார் அப்பா. ஆனால் மகளின் மார்க் என்றால் அவருக்கு உயிர். தட்டை இழுத்துக்கொண்டார்.

உப்பு ஜாடி மகன் பக்கம் இருந்தது. அப்பா ஜாடியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மகள் காகிதத்தைப் பார்த்தாள். உப்பில்லாமலே நாலு வாய் தின்றார். ஐந்தாவது வாய்க்கு மகனே ஜாடியை நகர்த்தி வைத்தான்.

"அப்பா." மகன் நேராக அவரைக் கூப்பிட்டான். "நாங்க வேற வீடு பாத்திருக்கோம். நாளைக்குச் சாவி தராங்க."

"என்ன சொல்றான் இவன்?" அப்பா பழக்கதோஷத்தில் மகளைக் கேட்டார். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். மனைவி பக்கம் திரும்பினார். அந்த அம்மாள் உதட்டை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

வேறு வழியில்லை. மகனின் முகத்தைப் பார்த்தார்.

"எதுக்கு?"

"வேலைக்குப் பக்கம்பா. கோவத்துல போகல."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"குழாயைத் தொறந்து பாத்தியா?"

"இல்ல..."

"வீடு பாக்கப் போனவன் சுவரைப் பாத்துட்டு வந்தியாக்கும். எத்தனாவது மாடி?"

"மூணு. டைல்ஸ் எல்லாம் நல்லா பாத்துட்டேன்பா."

"டைல்ஸ்லயா குளிப்பே? மூணாவது மாடின்னா தண்ணி நூல் மாதிரிதான் வரும். நாளைக்கு நானும் வரேன். நான் பாத்துச் சொல்ற வரைக்கும் சாவியைத் தொடாதே."

மருமகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தட்டுகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். சின்னவளும் பின்னாலேயே வந்தாள்.

"உனக்கு முழு மார்க்கும் போடலேன்னா நானே வந்து உங்க வாத்தியாரைக் கேக்கறேன்" என்றாள் மருமகள்.

"அந்தப் பேப்பர் போன வாரமே குடுத்தாச்சு அண்ணி."

மருமகள் தட்டைக் கீழே வைத்தாள்.

"அதை எழுதும்போதுதான் உறைச்சுது. நான் நடுவுல நின்னு நல்லா பேசப் பேச, இவங்க பேச வேண்டிய அவசியமே இல்லாம போச்சு. ரெண்டு வருஷம் இழுத்ததுக்கு நானும்தான் காரணம். நீங்க கிளம்பறீங்க. பரீட்சை முடிஞ்சா நானும் வேலைக்கு வெளியூர் போயிடுவேன். அப்புறம் இவங்களுக்கு யாரு இருக்கா?"

வெளியே குரல்கள் உயர்ந்தன. "உனக்கு என்னடா தெரியும்?" "ஆமா, உலகத்துல எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்!"

சின்னவளின் கால்கள் தானாகக் கதவுவரை போய்விட்டன. அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி வந்து அண்ணியின் ஈரக்கையைப் பற்றிக்கொண்டாள்.

"நேராதான் சண்டை போடறாங்க. போடட்டும் அண்ணி."

இத்தனை நாளும் முகத்தில் ஒரு சுருக்கம் காட்டாமல் அந்த வீட்டையே தாங்கியவள் இப்போது அண்ணியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே சத்தம் அடங்கி, இரண்டு பேரும் சாதாரணமாகப் பேசும் குரல் கேட்கும்வரை மருமகள் அந்தக் கையை விடவில்லை.