ம் கொட்டாத மருமகள்

நோராவின் பிரெஞ்சில் ஒரு குறை சொல்ல முடியாது. அடையாறில் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை அவள்தான் பிரெஞ்சு டீச்சர். இலக்கணம் சுத்தம், உச்சரிப்பு அதைவிடச் சுத்தம். அப்படிப்பட்டவளே போன வருடம் பிரெஞ்சில் சி1 என்னும் உயர்நிலை வாய்மொழித் தேர்வில் தோற்றுப்போனாள். இந்த முறையும் தேறாவிட்டால் பிளஸ் டூ வகுப்புகளை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று பள்ளியில் பட்டென்று சொல்லிவிட்டார்கள். அந்த வகுப்புகள் மேல் நோராவுக்குக் கொள்ளை ஆசை.

தேர்வில் முதலில் கொடுத்த தலைப்பில் பேச வேண்டும். பிறகு எதிரே இருக்கும் இரண்டு தேர்வாளர்கள் வேண்டுமென்றே மறுத்துப் பேசுவார்கள். நாம் நம் கருத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்க வேண்டும். பேசும் வரை நோரா ராணி. மறுத்தால் கவிழ்ந்துவிடுவாள். ஏன் என்று கண்டுபிடித்தது தி. நகரில் அவளோடு பயிற்சிக்கு வரும் தோழி கைசர் ஜஹான். தேர்வாளர் மாதிரி உட்கார்ந்து விளாசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"நான் உன்ன எதுத்துப் பேசிக்கினு கீறேன் நோரா. நீ இன்னாத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் தலைய ஆட்டி 'உய், உய்'ங்குற?"

'உய்' என்றால் பிரெஞ்சில் ஆமாம். நோராவுக்கு அப்போதுதான் உறைத்தது. நம்மூரில் ஒருவர் பேசினால் ம் கொட்ட வேண்டும், தலையாட்ட வேண்டும். காது கொடுத்துக் கேட்கிறோம் என்பதற்கு அதுதான் மரியாதை. ஒத்துக்கொள்கிறோமா என்பது தனிக்கதை. இதெல்லாம் பிரெஞ்சுத் தேர்வாளருக்கு எங்கே தெரியப்போகிறது? ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு மறு நிமிடமே மாற்றிப் பேசுகிறாளே, இவளுக்கென்று ஒரு கருத்து கிடையாதா என்று மதிப்பெண்ணைக் குறைத்திருப்பார்கள்.

அன்றிலிருந்து ம் கொட்டுவதில்லை என்று விரதம் எடுத்தாள். போனில் பேசிய நாத்தனார் லைன் கட்டாகிவிட்டதா என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள். கணவன் ஆஸ்டின், என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல், யாரும் சொல்லாமலே பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்தான். ஒருவழியாகக் கழுத்து அடங்கியது. ஆனால் வயதில் பெரியவர்கள் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வாய் வர வேண்டுமே, அது வரவில்லை.

அதற்குக் காரணம் வீட்டிலேயே இருந்தது. மாமனார் ராஜநாயகம், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மாதா கோயில் பங்குச் சாமியாரே அவரைக் கண்டால் பேச்சை மாற்றிவிடுவார். மயிலாப்பூர் வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதல் நோரா அவரிடம் சொன்னதெல்லாம் "சரிங்க மாமா" மட்டும்தான். விஷயம் தெரிந்ததும் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். பிரெஞ்சு தெரியாதாம், மறுத்துப் பேசத் தெரியுமாம்.

"பிள்ளைங்க வாத்தியார எதுத்துக் கேள்வி கேக்கக் கூடாது. கேக்க விட்டா வகுப்பு உருப்படாது. என்ன சொல்ற?"

ஆஸ்டின் நைசாகச் சமையலறைப் பக்கம் ஒதுங்கினான்.

"இல்ல மாமா, நான் ஒத்துக்க மாட்டேன். யாருமே கேள்வி கேக்கலன்னா யாருக்குப் புரிஞ்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ராஜநாயகத்தின் முகம் சிவந்தது. எழுந்து போய்விடுவார் என்றுதான் நோரா நினைத்தாள். அவரோ நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டு அடுத்த வாதத்தை எடுத்தார். அதற்கும் அவள் பதில் சொன்னாள். பிறகு தினமும் சாயங்காலம் இதே வேலைதான். பூசையில் கிட்டார் வாசிக்கலாமா, மீன் குழம்புக்கு மாங்காய் போடலாமா என்று ஒன்றையும் இருவரும் விட்டுவைக்கவில்லை. மருமகளிடம் தோற்ற நாட்களில் கிழவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டதை ஆஸ்டின் கவனித்தான்.

தேர்வில் பள்ளிகளில் கைபேசித் தடை பற்றிய தலைப்பு வந்தது. தடை வேண்டும் என்று நோரா பேசி முடித்ததும், நரைத்த தலைத் தேர்வாளர் முன்னால் சாய்ந்து, பாடத்தைச் சுவையாக நடத்தத் தெரியாதவர்கள்தான் தடை கேட்பார்கள் என்றார். நோராவின் கழுத்து அசையவில்லை. அவர் முடிக்கும் வரை பொறுத்திருந்து, "நோன், முசியே" என்று ஆரம்பித்தாள். 'இல்லை ஐயா' என்று பொருள்படும் அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததுமே அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அதன் பிறகு அவரை அவள் லேசில் விடவில்லை.

தேறிவிட்டாள். பிளஸ் டூ வகுப்புகளும் கைக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் ராஜநாயகம் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி வைத்துக்கொண்டார். என் மருமகள் இரண்டு வெள்ளைக்காரர்களை மடக்கிவிட்டாள் என்று ஒரே முழக்கம்.

"இல்ல மாமா" என்றாள் நோரா, அத்தனை பேர் முன்னால். "ஒருத்தர்தான் வெள்ளைக்காரர். இன்னொருத்தவங்க பாண்டிச்சேரிக்காரம்மா."

பங்குச் சாமியார் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராஜநாயகம் நெஞ்சை நிமிர்த்திச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்.

"கேட்டீங்களா?" என்றார். "வீட்ல என்னையும் இப்படித்தான் மடக்குவா."