ரேடியோ பேசாத மத்தியானம்

நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து அவள் பேச எழுந்தால் ஆளுங்கட்சி வரிசைகள் காலியாகும். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கட்டளை போட்டதில்லை. ஆனால் முதலில் எழுகிறவர் ஆளுங்கட்சிக் கொறடாதான். ஓட்டெடுப்பு வரும்போது தன் கட்சிக்காரர்களை ஒருவர் விடாமல் அவைக்குள் கொண்டுவந்து உட்காரவைப்பது அவர் வேலை. அவரே சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு, அவளுக்குக் கேட்கும்படி சொல்வார்: "ரேடியோ ஆன் ஆயிடுச்சு. வாங்க, ஒரு டீயப் போட்டுட்டு வரலாம்."

பிறகு செருப்புச் சத்தம், நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம், அடக்காத சிரிப்பு. அவள் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் எதிரே முதுகுகள்தான் இருக்கும்.

ஆரம்பத்தில் அவளுக்கு அவமானமாக இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. கோபம் பழகிப்போனபோது பேச்சு நீண்டது. கேட்க ஆளில்லாதவர்கள்தான் நிறையப் பேசுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சுருக்க முடியவில்லை. சுருக்கினால் அவர்கள் விரட்டியதுபோல் ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. வீம்புக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. தன் குரல் அந்த உயரமான கூரையில் மோதித் திரும்பி வருவது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டொரு முறை, "அவையில் ஆளே இல்லை" என்று அவைத் தலைவரிடம் முறையிட்டாள். தலைவர் உறுப்பினர்களை உள்ளே கூப்பிடும் மணியை அடிக்கச் சொன்னார். ஓட்டெடுப்பு என்று நினைத்துக் கேன்டீனில் இருந்தவர்கள் வாயில் பிஸ்கட்டோடு ஓடிவந்தார்கள். வந்து பார்த்தால் அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு, அவள் பேசும் நேரத்தில் மணி அடித்தால் கேன்டீனில் யாரும் அசைவதில்லை. "அது ரேடியோவோட மணி. நீ டீயக் குடி" என்பார்கள்.

அன்றைக்கு வந்திருந்தது மருத்துவமனை மசோதா. நாடு முழுக்கச் சின்ன ஊர்களில் இருக்கும் பிரசவ வார்டுகளை மூடிவிட்டு, பெரிய நகரத்து மருத்துவமனைகளோடு சேர்ப்பது. செலவு குறையும், தரம் கூடும் என்றார் சுகாதார அமைச்சர். மூடப்போகிற வார்டுகளில் அவளுடைய ஊர் வார்டும் ஒன்று; அதை விட்டால் அடுத்த வார்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். மசோதா நிறைவேறும் என்ற தைரியத்தில் கட்டில்களை ஏற்றிப்போக லாரிகூடப் பேசிவிட்டார்கள்.

அவள் ஒரு திருத்தம் கொடுத்திருந்தாள். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் வேறு பிரசவ வார்டு இல்லாத எந்த ஊரிலும், இருக்கிற வார்டை மூடக் கூடாது. அவ்வளவுதான். அது தோற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தோற்பதற்கு முன்னால் அவள் பேசுவாள் என்பதும் தெரியும்.

பேச்சு தயாராக இருந்தது. காலையில் குளியலறையில் ஒரு தடவை, சமையலறையில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். கணவன் அவளுடைய புடவையை இஸ்திரி போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"நான் உன் பக்கந்தான். ஆனா எனக்கு அங்க ஓட்டு இல்லியே, என்ன பண்றது."

"விளையாடாதீங்க. அந்த வேன்காரப் பொண்ணு விஷயம் சரியா வருதா?"

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "அந்த இடம் வரும்போது நீ அழகாப் பேசுறத நிறுத்திடுற. அது நல்லாருக்கு."

வேன்காரப் பெண் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பக்கத்து ஊர்க்காரி. அந்த ஊர் வார்டைப் போன வருஷமே மூடிவிட்டார்கள். வலி எடுத்தபோது வேனைத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். பாதி வழியில் முடியாமல் புருஷனிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்தாள். அவனுக்கு சைக்கிள்தான் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்காரும் சின்ன சீட்டுகளுக்கு நடுவில் குழந்தை பிறந்தது. பிழைக்கவில்லை.

இதைச் சொல்லும்போது அந்தப் பெண் அழவில்லை. "அங்க போய்ச் சொல்லுங்கக்கா," என்றாள். "ஆனா யாராவது உக்காந்து கேக்கணும். சும்மா காத்துல சொல்லிட்டு வந்துடாதீங்க."

"சொல்றேன்" என்று இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மத்தியானம் அவை நிறைந்திருந்தது. அவளுடைய முறை நெருங்கும்போது அவள் கட்சிக் கொறடா பின்வரிசையிலிருந்து குனிந்தபடியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அரசியலுக்கு வருமுன் பள்ளியில் விளையாட்டு வாத்தியார். மைதானத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கும் கண்.

"அக்கா, ஒரு விஷயம். கோபப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"இன்னிக்குப் பேசாதீங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நம்ம ஆளுங்க எல்லாரும் உள்ள இருக்காங்க. சின்னக் கட்சிக்காரங்களையும் கெஞ்சிக் கூத்தாடி உக்கார வச்சிருக்கேன். நீங்க எந்திரிச்சதும் ஆளுங்கட்சிக்காரங்க கெளம்பிடுவாங்க. அரை மணி நேரம் ஆகும்னு நெனச்சு நிம்மதியா டீ குடிப்பாங்க. நீங்க திருத்தத்த முன்மொழிஞ்சு, ஓட்டு கேட்டுட்டு உக்காந்துடுங்க. மணி அடிக்கும். உங்க மணின்னு நெனச்சு எவனும் வரமாட்டான். கதவ மூடிட்டா மூடினதுதான், வெளிய நிக்கிறவன் ஓட்டுப் போட முடியாது."

"ஊர்ல எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்திருக்காங்க."

"தெரியும்க்கா."

"நான் வாயத் தொறக்கலன்னா, வெல போயிட்டான்னு பேசுவாங்க."

"ஜெயிச்சா பேசமாட்டாங்க."

"ஜெயிக்கலன்னா?"

"உங்க இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்ததுபோலவே குனிந்தபடி போனார்.

அவள் மடியில் தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வருஷக்கணக்காக எந்தக் கணக்கும் போடாமல் பேசியிருக்கிறோம் என்று அப்போதுதான் தோன்றியது. நியாயம் தன் பக்கம் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தாள். இன்றைக்கும் பேசிவிட்டால் வீட்டுக்குத் தெம்பாகத் திரும்பலாம்; கடமையைச் செய்தாயிற்று. வார்டு மட்டும் போய்விடும். பேசாமல் உட்கார்ந்து தோற்றால் வார்டும் போகும், வாக்கும் போகும், மானமும் போகும். வேன்காரப் பெண்ணின் முகம் வந்து நின்றது. காத்துல சொல்லிட்டு வந்துடாதீங்க. அந்தப் பெண் கேட்டது பேச்சை அல்ல என்று மனது சொன்னது. உடனே, இது உனக்குச் சாதகமான வியாக்கியானம் என்றும் அதே மனது சொன்னது.

அவைத் தலைவர் அவளை அழைத்தார். அவள் எழுந்தாள்.

"ஆன் ஆயிடுச்சுய்யா," என்றார் ஆளுங்கட்சிக் கொறடா. செருப்புகள் தரையில் உரசின. நாற்காலிகள் நகர்ந்தன. ஒருவர் போகிற போக்கில், "பேட்டரி தீந்தா சொல்லியனுப்புங்க" என்றார். சிரிப்பு கதவைத் தாண்டிப் போகும்வரை அவள் காத்திருந்தாள். முதல் தடவையாக அந்த முதுகுகளை ஆசையோடு பார்த்தாள். போங்க, இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்க. மசோதா தன்னுடையது என்பதால் சுகாதார அமைச்சரும், அவரோடு முன்வரிசையில் நாலைந்து பேரும் மட்டும் தங்கினார்கள்.

பேச்சு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. முதல் வரி மிக நல்ல வரி. அவள் அதை விழுங்கினாள்.

"அவைத் தலைவர் அவர்களே, என் திருத்தத்தை முன்மொழிகிறேன். வாக்கெடுப்புக்கு விடும்படி கேட்டுக்கொள்கிறேன்."

உட்கார்ந்தாள்.

தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்க பேசலியாம்மா?"

"பேசலீங்க."

"உடம்பு ஏதும் சரியில்லியா?"

"நல்லாருக்கேங்க."

அமைச்சர் படித்துக்கொண்டிருந்த குறிப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். முதலில் வாசலைப் பார்த்தார், பிறகு பின்னாலிருந்த வரிசைகளை. அவர் முகத்தில் நிறம் மாறுவதை அவள் தெளிவாகக் கண்டாள்.

"ஐயா, நான் பதில் சொல்லணும். விரிவாவே சொல்லணும்," என்று எழுந்தார்.

"அவங்க எதுவும் சொல்லலியே, எதுக்குப் பதில் சொல்லப்போறீங்க," என்றார் தலைவர். "மணி அடிங்க."

மணி அடித்தது. நீளமாக, நடைகளிலும் படிக்கட்டுகளிலும் கேன்டீனிலும். அமைச்சர் உதவியாளரை ஓடச் சொன்னார். உதவியாளர் ஓடினார். கேன்டீனில் நடந்ததைப் பிறகு சமையல்காரர் எல்லோருக்கும் நடித்துக்காட்டினார்: உதவியாளர் மூச்சு வாங்க, "மணி, மணி" என்றாராம். "தெரியும் தம்பி, ரேடியோவோட மணி. நீயும் ஒரு டீ சாப்பிடு" என்று கொறடா நாற்காலியை இழுத்துப் போட்டாராம்.

மணி நின்றது. காவலர்கள் கதவுகளை மூடித் தாழிட்டார்கள்.

தலைகளை எண்ணிக்கொண்டிருக்கும்போதுதான் வெளியே தடதடவென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. கதவை யாரோ கையால் தட்டினார்கள், அப்புறம் பலர் தட்டினார்கள். விளையாட்டு வாத்தியார் கண்களை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் திறந்தே வைத்திருந்தாள். ஒவ்வொரு கையும் உயர்வதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"திருத்தம் ஏற்கப்பட்டது," என்றார் தலைவர்.

ஒரு கணம் அவளுடைய வரிசைகளுக்கே நம்பிக்கை வரவில்லை. தோற்றுத் தோற்றுப் பழகியவர்கள். அப்புறம் மேசைகளைத் தட்ட ஆரம்பித்தார்கள். வயதான உறுப்பினர் ஒருவர் செருப்பைக் கழற்றித் தட்டினார். கதவு திறந்ததும் ஆளுங்கட்சிக்காரர்கள் உள்ளே பாய்ந்தார்கள். ஒருவர் கையில் கிளாஸ் அப்படியே இருந்தது.

"இது அநியாயம். மறுபடி ஓட்டெடுப்பு வைங்க," என்றார் அவர்களுடைய கொறடா.

"ஒரு தடவ முடிவான விஷயத்த இதே கூட்டத்தொடர்ல திரும்ப எடுக்க முடியாதுன்னு விதி இருக்கு. உங்களுக்குத் தெரியாததா? மணி அடிச்சேனே, கேக்கலியா?"

கொறடா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கேட்டது என்று சொன்னாலும் வம்பு, கேட்கவில்லை என்றாலும் வம்பு. அடுத்த கூட்டத்தொடருக்கு முன்னால் தேர்தல் வந்துவிடும். அதுவும் அவருக்குத் தெரியும்.

தேநீர் இடைவேளை விட்டார்கள். அவள் நடையில் ஜன்னலோரமாக நின்றாள். உடம்பு லேசாக, காய்ச்சல் விட்டதுபோல இருந்தது. கூட்டமாகக் கைகுலுக்கினார்கள், அவளுக்குப் பாதி முகங்கள் தெரியவில்லை. ஊரிலிருந்து வார்டின் தலைமை நர்ஸ் கூப்பிட்டாள்.

"மேடம், நீங்க பேசவே இல்லியாமே. இங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"ஜெயிச்சுட்டோம். வார்டு மூடமாட்டாங்க."

மறுமுனையில் நர்ஸ் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. உடனே பழைய குரலுக்கு வந்துவிட்டாள்.

"அப்ப கட்டில் ஏத்த வந்து நிக்கிற லாரிக்காரர்கிட்ட என்ன சொல்ல?"

"டீ வாங்கிக் குடுத்து அனுப்புங்க."

"அவர் ஏற்கனவே நாலு கட்டில ஏத்திட்டாரு மேடம்."

"ஏத்தினவரையே எறக்கச் சொல்லுங்க."

"ஒரு பொண்ண உள்ள கூட்டிட்டுப் போறாங்க, வைக்கிறேன்," என்று நர்ஸ் போனை வைத்துவிட்டாள்.

இடைவேளை முடிந்து மசோதாவின் அடுத்த பிரிவு வந்தது. அதன் மேல் பேச விரும்புகிறவர்கள் யார் என்று தலைவர் கேட்டார். அவள் கையை உயர்த்தினாள்.

எழுந்து நின்றாள். செருப்புச் சத்தத்துக்காகத் தன்னை அறியாமல் காத்தாள். அது வரவில்லை. எதிரே ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. ஓரத்தில் பழக்க தோஷத்தில் பாதி எழுந்த ஒருவரை அவர்களுடைய கொறடா சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருய்யா. இந்தம்மா எப்ப பேசும், எப்ப உக்காரும்னு யாருக்குத் தெரியும்."

இத்தனை முகங்களை அவள் இந்த இடத்திலிருந்து பார்த்ததே இல்லை. சிலர் இளைஞர்கள். ஒருவர் கண்ணில் கட்டுப் போட்டிருந்தார். முறைத்தவர்களும் இருந்தார்கள், சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். முதுகுகளுக்கு எழுதிய பேச்சு இவர்களுக்குச் சரிப்படாது என்று பட்டது. தாள்களைக் கீழே வைத்தாள்.

"எங்க பக்கத்து ஊர்ல பள்ளிக்கூட வேன் ஓட்டுற ஒரு பொண்ணு இருக்கா," என்று தொடங்கினாள். கூரையில் மோதும் குரல் இல்லை அது. வீட்டில் பேசும் குரல்.

ஆளுங்கட்சியின் கடைசி வரிசையிலிருந்து யாரோ காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா. பின்னாடி கேக்கல."

அவள் மைக்கைக் கிட்டே இழுத்து, முதலிலிருந்து சொன்னாள்.