மேல்வரிசைக்கு ஒரு லென்ஸ்

…எவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கடைக்காரர் காத்திருக்கிறார், இதென்ன கேள்வி, கேமரா வாங்க வந்தவளிடம் விலையைச் சொல்வார்கள், கம்பெனியைச் சொல்வார்கள், தூரத்தையா கேட்பார்கள்... அவர் பேரிலும் தப்பில்லை, எக்ஸ்ரே அறையில் அவளும்தான் நாள் முழுக்கக் கேட்கிறாள், எந்தக் கை, எந்த முட்டி, இடதா வலதா, கேட்காமல் படம் எடுக்க முடியுமா. தூரம் என்றால், இந்தக் கடை வாசலிலிருந்து சாலையைத் தாண்டி அந்தப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் இருக்கும் என்றாள். நீச்சல் போட்டி, கூரை போட்ட குளம், பெண் நீந்துகிறாள், மேல்வரிசையிலிருந்து எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். முன்வரிசையில் உட்கார்ந்தால் சின்ன லென்ஸே போதுமே, பணமும் மிச்சம் என்றார் அவர், நல்ல மனதோடுதான் சொன்னார். முன்வரிசையில் முடியாது என்றாள். சொன்ன குரல் அவளுக்கே கொஞ்சம் முரடாகக் கேட்டது. பாவம், அந்த மனிதருக்கு என்ன தெரியும்.

முன்வரிசை சித்திக்கு. குட்டி போனில் அப்படித்தான் சொன்னாள், "அம்மா, நீ வா, ஆனா மேல உக்காரு, முன்னாடி சித்தி உக்காருவாங்க." பத்து வயதுப் பிள்ளை, யார் மனதும் நோகாமல் ஆளுக்கொரு இடம் பிரித்துக் கொடுக்கிறது, இந்தச் சாமர்த்தியத்தை எங்கே கற்றுக்கொண்டது, பெரியவர்கள் நாங்கள் நன்றாகத்தான் வளர்த்திருக்கிறோம் போங்கள்... சரிடா செல்லம், மேலே உட்கார்ந்தால்தானே நன்றாகத் தெரியும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள், சிரிப்புக்கு என்ன, வரவழைத்தால் வந்துவிடும், போனை வைத்த பிறகு தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டு நின்றாள். குட்டியின் அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட அந்தச் சித்தி கெட்டவள் இல்லை, கெட்டவளாக இருந்திருந்தால் கரித்துக் கொட்டவாவது ஒரு ஆள் கிடைத்திருக்கும். குட்டிக்குத் தலை துவட்டுகிறாள், ஈரத் துணியை மறக்காமல் அலசிப் போடுகிறாள், ஆஸ்பத்திரியில் நைட் ட்யூட்டி பார்க்கிற அம்மாவால் அதெல்லாம் நேரத்துக்கு முடிந்ததா... அப்பாகூடவே இருக்கேன், பள்ளிக்கூடம் பக்கம், குளமும் பக்கம் என்று குட்டியே தன் வாயால்தானே சொன்னாள். வக்கீல் ஆபீசில், காலை ஆட்டிக்கொண்டு, ஒப்பிக்கிற மாதிரி.

கடைக்காரர் ஒரு கறுப்புக் கேமராவை எடுத்து வைத்தார், முதல் கேமராவுக்கு இது போதும், விலையும் கைக்கு அடங்கும், பாடியில் காசைக் கொட்டாதீர்கள், லென்ஸில் போடுங்கள் என்றார். பாடியாம்! அவளுக்குப் பாடி என்றால் வேறு ஞாபகம்தான் வரும், ஆஸ்பத்திரிக்காரிக்கு வேறு என்ன வரும். விலை கொடுத்தால் கூடச் சேர்த்துத் தருகிற லென்ஸைக் காட்டினார், இது வீட்டுக்கு, பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு, பிறந்தநாளுக்கு என்றார். பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு... அதை ஓரமாக வைத்துவிடுங்கள். ஐம்பது என்று ஒரு குட்டை லென்ஸ், விலை குறைவு, கூரைக்குக் கீழே வெளிச்சம் போதாத இடத்திலும் பளிச்சென்று எடுக்கும், ஆனால் எட்டாது. பழைய நீள லென்ஸ் ஒன்று, யாரோ விற்றுவிட்டுப் போனது, பாதி விலைக்குக் கிடைக்கும், அவள் ஆசையாகக் கையில் எடுத்தாள், அவர் தலையை ஆட்டினார், இந்தக் கேமராவுக்குள் மோட்டார் கிடையாது, அந்த லென்ஸுக்குள்ளும் கிடையாது, படம் தெளிய வளையத்தைக் கையால்தான் திருக வேண்டும், அதற்குள் உங்கள் பெண் மறுகரைக்கே போய்விடுவாள் என்றார். "மாட்டிக்கும்மா, ஆனா ரெண்டும் பேசிக்காது." அவள் சிரித்துவிட்டாள். மாட்டிக்கொண்டு பேசிக்கொள்ளாமல் இருப்பதைப் பற்றி இவர் எனக்குப் பாடம் எடுக்கிறாரே, அப்படி ஒரு வீட்டில் எத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன், சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூடக் குட்டி மூலமாகத்தான் போகும், அப்பா உப்பு கேக்குறாங்கம்மா, அம்மா தீந்துபோச்சுன்னு சொல்றாங்கப்பா... அந்தப் பிள்ளைக்குச் சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் முன்னால் கேட்டாயே, இதோ, இங்கிருந்துதான்.

போனில் எடுத்தால் போதாதா என்று ஈசிஜி அக்காகூடக் கேட்டாள், ஈசிஜி அறையில் இருக்கிறவள், எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை வைத்திருப்பாள். போனில் எடுத்த லட்சணம் அவளுக்கு எங்கே தெரியும். போன போட்டியில் தூணுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, போனைத் தூக்கிப் பிடித்து, விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, மஞ்சள் தொப்பி, மஞ்சள் தொப்பி என்று தேடி, அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதே தொப்பி, கண்ணை மறைத்துக் கறுப்புக் கண்ணாடி வேறு, ஆனாலும் பெற்றவளுக்குத் தெரியாதா, அந்தத் தோளும் அந்த நிற்கிற தினுசும்... எடுத்துத் தள்ளினாள், மேடையில் ஏறியது, குனிந்தது, பாய்ந்தது, மூச்சுக்குத் தலை தூக்கியது, அதில் நல்லதாகப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடமெல்லாம் காட்டி, என் பொண்ணுங்க, பாருங்க என்று பெருமையடித்து, அன்று சாயங்காலமே குட்டி பார்க்க அவள் அப்பா போனுக்கு அனுப்பியும் வைத்தாள். பதில் வந்தது. "இது நான் இல்லம்மா." அவ்வளவுதான். கோபம் இல்லை, அழுகை இல்லை, பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி. அடிப்பாவி, அவளா இது, படுக்க வைக்கிற ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, பிறந்த தேதி கேட்டு, கையில் கட்டியிருக்கும் பட்டையைப் பார்த்து, ஆள் மாறிவிடக் கூடாதே என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறவள், இத்தனை வருஷ வேலையில் ஒரு படம் மாற்றிக் கொடுத்தாள் என்று ஒரு டாக்டர் சொல்ல முடியுமா... வயிற்றில் சுமந்த பிள்ளையை மாற்றிவிட்டாள். யார் பெற்ற பிள்ளைக்கோ அவ்வளவு நேரம் கை தட்டியிருக்கிறாள். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது, வெட்கம்கூட இல்லை, பயமாக இருக்கிறது.

புது நீள லென்ஸை மாட்டிக் கையில் கொடுத்தார், வெளியே பாருங்கள் என்றார். பார்த்தாள். அம்மாடி! பேருந்து நிறுத்தம் முகத்துக்கு நேராக வந்து நின்றது, யாரோ ஒரு அம்மாள், காதில் சிவப்புக் கல், கொட்டாவி விடுகிறாள், பல்லில் அடைத்த இடம்கூடத் தெரிகிறது. இதுதான், இதைத்தான் கேட்டேன், இனிமேல் தொப்பி என்ன செய்யும், கண்ணாடி என்ன செய்யும், தாடை மச்சம்வரைக்கும் பார்த்துவிடலாம். சந்தோஷத்தில் கேமராவோடு அப்படியே திரும்பிக் கடைக்காரரைப் பார்த்தாள், கலங்கல், வெறும் கலங்கல், லென்ஸ் முன்னும் பின்னும் முனகிக்கொண்டு திண்டாடியது, எங்கே நிற்பது என்று தெரியாத ஆள் மாதிரி. "இவ்வளவு கிட்ட எடுக்காதும்மா, நீங்க பின்னாடி நகரணும்," என்றார் அவர். கிட்டே வந்தால் எடுக்காதா? வந்தால்... ஒருவேளை போட்டி முடிந்து, ஈரத்தோடு, சித்தி கையிலிருக்கும் துண்டைக்கூட வாங்காமல், படியேறி ஓடி வந்து மேலே நின்றால்? அப்போது இவள் பின்னால் நகர வேண்டுமா, இன்னுமா? அப்படியென்றால் அந்த ஐம்பதையும் சேர்த்து வாங்கலாம், சேர்த்து வாங்க வசதி இல்லை, ஏதாவது ஒன்றுதான். எட்ட இருக்கிற பிள்ளைக்கு ஒன்று, கிட்ட வருகிற பிள்ளைக்கு ஒன்று, எந்தப் பிள்ளை என்று சொல்லிவிட்டால் பில் போட்டுவிடுவார். சரியான ஆள்தான், கேமரா விற்கிறாரா, வழக்கைத் திரும்ப எடுத்து நடத்துகிறாரா... கண் கரித்தது, கடையில் ஏசி அதிகம் என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது. நீச்சல் மாஸ்டரின் நம்பர், பயிற்சி முடிந்து அப்பா வருகிறவரைக்கும் குட்டி அதில்தான் பேசுவாள், பின்னால் விசில் சத்தம், தண்ணீர்ச் சத்தம். இந்தத் தடவை ஒழுங்காக எடுக்க வேண்டும் என்றாள். எடுக்கிறேன் கண்ணு, அதற்காகத்தானே கடையில் நிற்கிறேன் என்றாள் இவள். தொப்பி அதே மஞ்சள்தான், அடையாளத்துக்கு மேடையில் ஏறியதும் கையைத் தூக்கிக் காட்டுகிறேன் என்றாள் குட்டி. தூக்குடா, அம்மா பார்த்துக்கொண்டே இருப்பேன் என்றாள்.

"போன தடவையும் தூக்கினேன்மா."

விசில் சத்தம் நின்றது போல இருந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று நினைப்பதற்குள் கேட்டுவிட்டாள். "கீழேருந்து என்னைத் தெரிஞ்சுதாடா?"

"ம். தூண் பக்கத்துல, பச்சை சுடிதார். நீ போனையே பாத்துட்டு இருந்தே." அப்பா வண்டி வந்துடுச்சு, வெக்கிறேன்மா என்று வைத்துவிட்டாள்.

அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து, அத்தனை கூட்டத்தில், அத்தனை தூரத்தில், லென்ஸும் இல்லாமல் மோட்டாரும் இல்லாமல்... குட்டிக்கு ஆள் மாறவில்லை. முன்வரிசையில் ஆள் இருந்தும் தலையை மேலே தூக்கித் தேடியிருக்கிறாள், கண்டுபிடித்திருக்கிறாள், கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள், எவ்வளவு நேரம் தூக்கி வைத்திருந்தாளோ, எப்போது இறக்கினாளோ. இவள் அப்போது பக்கத்து மேடையில் யார் வீட்டுப் பிள்ளையையோ விரலால் இழுத்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். அப்பாகூடவே இருக்கேன் என்று வக்கீல் ஆபீசில் சொன்னபோது குட்டி யாரைப் பார்த்துச் சொன்னாள்? காலை ஆட்டியது ஞாபகம் இருக்கிறது, செருப்பின் வார் ஒரு பக்கம் கழன்றிருந்தது ஞாபகம் இருக்கிறது, முகம்... முகம் ஏன் ஞாபகம் இல்லை. "எதைப் போடட்டும்மா?" என்று கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். நீளத்தையா குட்டையையா, இரண்டும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒரு நிமிஷம் என்றாள். எந்தக் கையைத் தூக்கினாய், இடதா வலதா... அதைக் கேட்காமலேயே போனை வைக்க விட்டுவிட்டாள்.