பெட்டியைத் தூங்க வைத்தவள்

1

இந்தக் கதை எங்கள் வீட்டுச் சாமான் அறையில் பிறந்தது. அங்கே அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடுகிறது. திரை இல்லை, கீபோர்டு இல்லை. நான் அதை ஹோம் சர்வர் என்பேன். என் அத்தை, அதாவது மாமியார், பெட்டி என்பார். இப்போது எனக்கும் அது பெட்டிதான்.

என் கணவர் ரிக் மேனேஜர். போர்வெல் போடும் வண்டியோடு வடக்கே போனால் ஊர் திரும்ப மாதக்கணக்காகும். வண்டியில் நான் ஒரு சின்னக் கருவி பொருத்திவிட்டிருக்கிறேன். தான் இருக்கும் இடத்தை அது அடிக்கடி பெட்டிக்குச் சொல்லும். பெட்டி அதை என் போனில் நீலப் புள்ளியாகக் காட்டும்.

அந்தப் பெட்டி இரவில் தானாகத் தூங்கி, விடிகாலையில் தானாக எழும்படி போன வாரம் அமைத்தேன். இதை வைத்து ஒரு வேடிக்கைக் கதை எழுதலாம் என்று அப்போது தோன்றியது. இன்று காலையிலிருந்து வேடிக்கை போய்விட்டது. ஆனாலும் எழுதுகிறேன். கையைச் சும்மா வைத்திருந்தால் போனையே எடுத்து எடுத்துப் பார்க்கிறது.

2

முதல் தொடக்கம்:

தனப்பிரியா கட்டளையை அடித்து முடித்தாள். பதினொன்றுக்குத் தூங்கு, ஐந்துக்கு எழுந்திரு. தொட்டில் குழந்தையிடம் சொல்வது போல அவள்

(வேண்டாம். வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் நானே கேலி செய்திருப்பேன்.)

இரண்டாம் தொடக்கம்:

தமிழரசு காணாமல் போன அன்று

(இல்லை. இதை நான் எழுதவில்லை. நீங்களும் படிக்கவில்லை.)

* தமிழரசு என்பது என் கணவரின் பெயர் இல்லை. அவர் பெயரை நான் வாயால் சொன்னது கிடையாது. எழுதுவதற்கு என்ன என்று கேட்பீர்கள். மற்ற நாளாக இருந்தால் எழுதியிருப்பேன்.

3

தனப்பிரியா மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவளை என்னைவிடத் துணிச்சல்காரியாகப் படைத்தேன். முதல் வரைவில் அவள் கணவனிடம், "எங்கீங்க போறீங்க?" என்று பட்டென்று கேட்டுவிட்டாள். உடனே அழித்தேன். எங்கள் பக்கத்துப் பெண் யாரும் அப்படிக் கேட்கமாட்டாள்.

கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பார்கள். நான் எம்.சி.ஏ. படித்தவள். இதை நம்புகிறாயா என்றால் இல்லை. அப்படியானால் கேட்பாயா என்றால், அதுவும் இல்லை. கல்யாணமானதிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பெட்டியைக் கட்டி எழுப்பினேன். அத்தைக்கு இது தெரியாது. போட்டோ சேர்த்து வைக்கிற பெட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

4

(இங்கே ஏன் தூங்க வைத்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். இதைத் தனப்பிரியா மேல் ஏற்றாமல் நானே சொல்லிவிடுகிறேன்.)

ரிக் வண்டிக்கு இரவு பகல் கிடையாது. புள்ளி நகர்ந்தால் எந்தப் பள்ளத்தில் இறங்குமோ என்று பயம். நின்றால் ஏன் நின்றது என்று பயம். விடிய விடிய போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் காலையில் அவரிடம் கேட்டேவிட்டேன்.

"ஏனுங்க, ராத்திரி வண்டி அவ்வளவு நேரம் ஏன் நின்னுச்சு?"

"டீ குடிச்சோம். ஏன் மது, நீயி தூங்கவே இல்லையா?"

"புள்ளி நகராம நின்னா எப்படிங்க தூக்கம் வரும்?"

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "அந்தப் பெட்டியத் தூங்க வெய்யி. அது தூங்குனாத்தான் நீ தூங்குவே. நான் ஊட்டுக்கு வர்றப்ப நீ ஆளா இருக்கோணுமல்ல?"

அவர் சொன்னதற்காகத்தான் வைத்தேன். பதினொன்றிலிருந்து ஐந்து வரை வண்டி சொல்வதைக் கேட்க ஆள் இருக்காது. வண்டியில் இருப்பது மலிவான கருவி. சொன்னதை யாரும் வாங்கிக்கொள்ளாவிட்டால் அப்போதே மறந்துவிடும்.

5

நேற்று பொழுது சாய அழைத்தார். பின்னால் கம்ப்ரஸர் சத்தம் இல்லை. வேலை முடிந்துவிட்டது என்று அதிலேயே தெரிந்தது.

"பாய்ண்ட் மாறுது, மது. சோறு உண்டுபோட்டுக் கெளம்பறோம். போயிட்டு வாரேன்."

அடுத்த போர்வெல் எங்கே என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

"செரிங்க. பாத்துப் போயிட்டு வாங்க."

எங்கே என்று பெட்டி சொல்லும் என்று இருந்துவிட்டேன். புள்ளி கிளம்பியதைப் பார்த்தேன். பதினொன்றுக்குப் பெட்டியின் விசிறி ஓய்ந்தது. நானும் படுத்தேன். தூங்கினேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, கனவுகூட இல்லாமல், அப்படி ஒரு தூக்கம்.

ஐந்து மணிக்குப் பெட்டி எழுந்துகொண்டது. நான் அமைத்தது துளியும் பிசகவில்லை. புள்ளி ஒரு மலைப்பாதை தொடங்கும் இடத்தில் இருந்தது. அது பெட்டி தூங்கப்போகும் முன் வந்த கடைசித் தகவல். அதன் பிறகு இந்த நிமிடம் வரை ஒன்றும் வரவில்லை.

6

அவர் போன் அணைந்திருக்கிறது. கூட இருக்கும் டிரைவர் போனும் அப்படியே. திருச்செங்கோட்டில் இருக்கும் முதலாளியின் ஆபீசுக்குப் பேசினேன்.

"காட்டுக்குள்ள டவர் இருக்காதுங்க. வெளிய வந்ததும் பேசுவாங்க. பயந்துக்காதீங்க" என்றாள் அங்கே வேலை செய்யும் பெண்.

"எந்தக் காடுங்க?"

"அது வேலை புடிச்சுக் குடுக்கற ஏஜெண்டுக்குத்தாங்க தெரியும். அவரும் போன எடுக்கமாட்டீங்கறாரு."



கதையில் இந்த இடத்தில்தான் நான் நிற்கிறேன். பாருங்கள்:

[பதினொன்று முதல் ஐந்து வரை:                    ]

இந்த இடைவெளியை நிரப்புவது எழுதுகிறவளின் வேலை. என்னால் முடியவில்லை. தமிழரசு வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தூங்கினான் என்று எழுதினால் அது பொய்யாகிவிடுமோ என்று பயம். திருப்பத்தில் எதிரே ஒரு லாரி

(இல்லை.)

கதைதானே, எழுதினால் நடந்துவிடுமா என்று நீங்கள் சிரிக்கலாம். கேள்வி கேட்டால் காரியம் கெடும் என்று வாயை மூடிக்கொண்டவள் நான். எழுதினால் நடக்கும் என்று பயப்படுவதற்கு எனக்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை.

7

நடுவில் அத்தை வந்து எட்டிப் பார்த்தார்.

"அம்மிணி, சோறு உண்டியா? அவன் பேசுனானா?"

"பேசுனாருங்க அத்தை."

நேற்று பேசினார். அதனால் பொய் சொல்லவில்லை. அத்தை என் முகத்தையே பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். இந்த வீட்டில் யாருக்கும் கேட்கத் தெரியாது.

* கதையில் தனப்பிரியாவுக்கு மாமியாரே வைக்கவில்லை. பயப்பட ஓர் ஆள் போதும் என்று நினைத்தேன்.

8

முடிவுகள்.

ஒன்று. தெரியாத எண்ணிலிருந்து தனப்பிரியாவுக்கு அழைப்பு வருகிறது. தமிழரசுவின் குரல். "சார்ஜு போச்சு, புள்ளே. டீக்கடைக்காரர் போன்ல பேசறேன்." தனப்பிரியா அழுகிறாள், திட்டுகிறாள், மறுபடி அழுகிறாள்.

இரண்டு. தெரியாத எண்ணிலிருந்து தனப்பிரியாவுக்கு அழைப்பு வருகிறது. யாரோ இந்தியில் பேசுகிறார்கள். அவளுக்குப் புரிவது வண்டி நம்பர் மட்டும்.

இரண்டும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன, கவனித்தீர்களா? மணி அடித்துக்கொண்டிருக்கும் வரை இரண்டும் ஒன்றேதான். அதனால் தனப்பிரியாவின் போனை அடிக்க விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். அவள் எடுக்கமாட்டாள். நான் எழுதாதவரை எதுவும் ஆகாது. கோழைத்தனமான முடிவுதான், ஒத்துக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது இதுதான். ஆகவே, தனப்பிரியா போனைப் பார்த்தபடி

"அம்மிணி! போன் அடிக்குது பாரு. காதுல உழுகலையா?"

9

இது தனப்பிரியாவின் போன் இல்லை.

தெரியாத எண். மேசை மேல் அதிர்ந்து அதிர்ந்து இந்தத் தாளை நோக்கி நகர்ந்து வருகிறது. அத்தை வாசலில் இருந்து எழுந்துவிட்டார். எனக்குக் கை வரவில்லை. கையை எழுத்திலிருந்து எடுத்தால்தான் போனை எடுக்க முடியும், அது முடியவில்லை.

இவ்வளவு தூரம் என்னோடு வந்துவிட்டீர்கள். நீங்கள் எடுங்கள். ஹலோ சொல்ல வேண்டாம். அந்தப் பக்கம் யார் என்று பொறுத்திருக்கவும் வேண்டாம். நான் விழுங்கியதை முதலில் கேளுங்கள்: "எங்கீங்க இருக்கீங்க?"

கிளம்புகிறவரிடம்தான் கேட்கக் கூடாது. அவர் நேற்றே கிளம்பிவிட்டார். இனிமேல் கேட்கலாம்.