பாசமிகு தந்தையும்

"ஊரையும் அடைப்புக்குறிக்குள்ளை போடும் தம்பி," என்றாள் உதயகலா. "பிரவீணன், வல்வெட்டித்துறை. கஜானி, லண்டன்."

போனின் மறுமுனையில் நிருஷன் தயங்கினான். மருதனார்மடத்து அச்சகத்தில் மரண அறிவித்தல்களை எழுதியெழுதி, வலிகாமத்தில் யாருக்கு எத்தனை பிள்ளைகள், எந்தப் பிள்ளை எந்த நாட்டில் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"அக்கா, சண்முகநாதன் ஐயாவுக்கு நீங்கள் ஒராள்தானே?"

"மூண்டு பேர். எழுதும்."

"அப்ப... 'உதயகலா, பிரவீணன், கஜானி ஆகியோரின் பாசமிகு தந்தையும்' எண்டு வரும். சரியோ?"

"சரி. அந்தப் 'பாசமிகு'வை விட்டிடாதையும்."

பின்வளவில், தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்றுதான் கதைத்தாள். முன்பக்கத்தில் பந்தல்காரர்கள் குழாய்களை இறக்கும் சத்தத்துக்கு மேலால் பெரியப்பா தம்பிராசாவின் குரல் கேட்டது. விடியற்காலையில் போன உயிர். அப்பாவின் உடலைப் பதப்படுத்த மலர்ச்சாலைக்காரர் கொண்டுபோயிருந்தார்கள். பின்னேரம் பெட்டியில் திரும்பி வரும். நாளைக் காலை கிரியை. அறிவித்தல் இன்றைக்கே இணையத்திலும், நாளை விடியப் பேப்பரிலும் வந்துவிடும். கோப்பாயிலிருந்து கனடா வரைக்கும், எழும்பியதும் சனம் முதலில் வாசிப்பது அதைத்தான்.

வாசிக்கட்டும் என்று நினைத்தாள். பல்லுத் தீட்ட முன்னமே வாசிக்கட்டும்.

சண்டை முடிந்த அடுத்த வருசம், உதயகலாவுக்கு இருபத்தாறு வயதிருக்கும்போது, கம்பஸில் கூடப் படித்த சுதாகரனைக் கட்டப்போவதாக வீட்டில் சொன்னாள். சுதாகரன் வல்வெட்டித்துறை, கடலோடிக் குடும்பம். அப்பா கத்தவில்லை. அடுத்த நாள் வெள்ளை வேட்டி கட்டி, தமையன் தம்பிராசாவையும் கூட்டிக்கொண்டு சுதாகரன் வீட்டுக்குப் போனார். கொடுத்த கதிரையில் இரண்டு பேரும் இருக்கவில்லை. கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. முற்றத்தில் நின்றபடியே, "எங்கடை ரத்தத்திலை உப்புத்தண்ணி கலக்க நாங்கள் விடமாட்டம்" என்று சுதாகரனின் தாய்க்கு முன்னால் சொல்லிவிட்டு வந்தார்கள். சுதாகரன் பிரான்சுக்குப் போய்விட்டான். பிறகு வந்த ஒரு சாதகத்தையும் உதயகலா திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தாள். அம்மா செத்த பிறகு அப்பாவுக்குச் சமைத்துப் போட்டாள்.

கனடாவிலிருந்து லீவில் வந்த மச்சாள் ஒருத்தி, எச்சில் துப்பி அனுப்பினால் பூர்வீகம் சொல்லும் சோதனைக் குழாய் ஒன்றை விளையாட்டாக அவளிடம் நீட்டினாள். திரும்பிப் போகும்போது கையோடு கொண்டுபோய் அனுப்பியும் விட்டாள். சில மாதம் கழித்து வந்த முடிவில், தகப்பன் வழியில் உதயகலாவுக்கு ஒரு தம்பி இருப்பதாகப் போட்டிருந்தது.

அந்தத் தம்பியே எழுதினான். பெயர் பிரவீணன். ஊர் வல்வெட்டித்துறை. தகப்பனின் சத்திரசிகிச்சைக்கு இரத்தம் கொடுக்கப் போன இடத்தில், தகப்பனுடையது ஏபி, தன்னுடையது ஓ என்று தெரியவந்ததாம். ஏபி இரத்தக்காரனுக்கு ஓ இரத்தத்தில் பிள்ளை பிறக்காது என்று விஞ்ஞான ரீச்சருக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. தகப்பன் கண்மூடும் வரைக்கும் பிரவீணன் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. கொழும்பில் லொட்ஜில் இருந்த காலத்தில், பிள்ளையில்லாதவர்களுக்கு வைத்தியம் செய்யும் ஒரு நிலையத்துக்குப் பெற்றார் போய்வந்த பிறகுதான் தான் பிறந்ததாக எழுதியிருந்தான். உங்கள் ஆட்கள் யாராவது அங்கே இருந்தார்களா என்று கேட்டிருந்தான்.

இருந்தார். அந்த நிலையத்தின் ஆய்வுகூடத்தில் சண்முகநாதன் கனகாலம் வேலை செய்தார். நிலையம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. புருசனுடையது என்று சொல்லி, தன்னுடைய விந்தை அவர் கொடுத்திருந்தார்.

உதயகலா அப்பாவிடம் நேரேயே கேட்டாள். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"ஓம். அதுகள் அழுதுகொண்டு வந்துதுகள், சிரிச்சுக்கொண்டு போச்சுதுகள். அதிலை என்ன பிழை?"

"அதுகளுக்குச் சொன்னனீங்களோ?"

"உதெல்லாம் சொல்லுறேல்லை."

"எந்த ஊர், என்ன ஆக்களெண்டு கேட்டுத்தான் குடுத்தனீங்களோ அப்பா?"

அவர் மடித்த பேப்பரைத் திரும்பவும் விரித்தார்.

அன்றிலிருந்து, இன்னும் யார் யார் இருக்கிறார்களென்று அவள் தேடத் தொடங்கினாள். சோதனைத் தளத்தில் தூரத்துச் சொந்தமென்று வந்த ஆட்களுக்கெல்லாம் எழுதினாள். யார் யாருடைய ஆளென்று தெரியாமல் தவித்தவர்களுக்கு வழி பிரித்துச் சொன்னாள். வெளிநாடு போகிறவர்களின் கையில் எச்சில் எடுத்த குழாய்களைக் கொடுத்தனுப்பினாள். லண்டனில் இருந்த கஜானியைப் பிடித்தது அப்படித்தான். கஜானி போனில் அழுதழுது நன்றி சொன்னபோது உதயகலாவுக்கு என்னவோ போலிருந்தது. அவள் செய்தது உதவியென்று அவளுக்கே தோன்றவில்லை.

அதற்குள் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கமும் நாக்கும் விழுந்துவிட்டன. கஞ்சி பருக்கும்போது அவள் சொல்லுவாள். "இண்டைக்கு ஒராளோடை கதைச்சனான் அப்பா. உங்கடை மகள் கஜானி. தாய் தேப்பன் குருநகர், கடற்கரை ஆக்கள்." அவர் கண்ணை மூடிக்கொள்வார். "கண்ணை மூடினாப்போலை காது மூடுமே?" என்று கேட்டு, வாயோரம் வழிந்த கஞ்சியைத் துடைத்துவிடுவாள். துடைப்பதில் ஒரு குறையும் வைக்கமாட்டாள். அடுத்த கரண்டியோடு வல்வெட்டித்துறை வரும்.

இன்று விடிய, நல்ல கையால் அவளுடைய கையைப் பிடித்தார். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்திருந்தால் ஏதாவது கேட்டிருக்கும். உதயகலா குனியவில்லை. உதடு நிற்கும் வரைக்கும் நேரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிருஷன் எழுதி அனுப்பிய மாதிரியை அவள் பிரவீணனுக்கும் கஜானிக்கும் வட்ஸ்அப்பில் போட்டாள். பிரவீணன் உடனேயே போன் எடுத்தான்.

"அக்கா, என்ரை பேரை எடுங்கோ."

"ஏன்? பொய்யே?"

"பொய்யில்லை. அம்மா பேப்பர் வாசிக்கிறவ. உந்தப் பக்கத்தைத்தான் முதல்லை விரிப்பா."

"விரிக்கட்டும். அவவையும்தானே ஏமாத்தினவர்? உமக்குக் கோவம் வரேல்லையோ?"

"வராமலே? அந்த மனிசன்ரை கட்டிலுக்குப் பக்கத்திலை போய் நிண்டு கேக்கவேணுமெண்டு எத்தினை தரம் மோட்டச்சைக்கிளை எடுத்தனான் தெரியுமோ? கோப்பாய்ச் சந்தியோடை திரும்பியிடுவன்." அவன் குரலைத் தாழ்த்தினான். "அம்மா இப்பவும் என்ரை நெத்தியைத் தடவி, 'கொப்பரின்ரை நெத்தி' எண்டு சொல்லுறவ. அப்பா போனாப்பிறகு அவவிட்டை மிஞ்சிக்கிடக்கிறது அதுதான். உங்கடை கோவத்துக்கு அதைப் பறியாதையுங்கோ அக்கா."

"அப்ப இவர் நல்ல மனிசனாய்ப் போய்ச் சேரட்டும், என்ன?"

"சேரட்டும்."

"உமக்குச் சொல்ல லேசு."

போனை வைத்துவிட்டு, கல்லடியில் நிரம்பிக்கிடந்த வாளியைக் காலால் எத்தினாள். தண்ணீர் சேலைக் கரையை நனைத்துக்கொண்டு ஓடியது. பெரியப்பா முன்னாலிருந்து, "என்ன பிள்ளை சத்தம்?" என்று கேட்டார். அவள் நிருஷனுக்குப் போன் எடுத்தாள்.

"ரெண்டு பேரையும் எடும்."

"அப்ப, 'உதயகலாவின் பாசமிகு தந்தையும்'..."

"ஓம்."

"'பாசமிகு' இருக்கட்டோ அக்கா?"

அவள் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் வீடு நிறைந்துவிட்டது. அப்பா பட்டுவேட்டியும் திருநீறுமாய்ப் பெட்டியில் கிடந்தார். மலர்ச்சாலைக்காரர் கோணிப்போன வாயை நேராக்கி, கன்னத்துக்குப் பஞ்சு வைத்து, வயதில் பாதியைக் குறைத்திருந்தார்கள். வந்தவர்கள் உதயகலாவின் கையைப் பிடித்து, ஒருத்தருக்கும் ஒரு கெடுதல் நினையாத மனிசன் என்றார்கள். ஓம் என்றாள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் இராமன் இலட்சுமணன் மாதிரி என்றார்கள். அதற்கும் ஓம் என்றாள். ஒவ்வொரு ஓமுக்கும் வாய்க்குள் கசந்தது. கொள்ளி வைக்கப்போவது பெரியப்பாவின் மகன் சிவகரன். அவன் தலைமுழுகிவிட்டு ஈர வேட்டியோடு நின்றான்.

கிரியையில் சுண்ணம் இடித்து முடிகிற நேரத்தில் பிரவீணன் படலையைத் திறந்துகொண்டு வந்தான். கூட மனைவியும், அவள் கையைப் பிடித்தபடி நாலு வயது மகள் நிவேதனாவும்.

"பாக்கவேணும் போலை கிடந்தது அக்கா," என்றான். "உயிரோடைதான் பாக்கேல்லை."

பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான். கும்பிடவில்லை, பூப்போடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கடையில் சாமான் பார்ப்பவனைப்போல் நெற்றியிலிருந்து நாடி வரைக்கும் பார்த்தான். பிறகு தன் நெற்றியை ஒருக்கால் தடவிக்கொண்டான்.

தெரியாத முகம் ஒன்று பெட்டியடியில் அவ்வளவு நேரம் நிற்பதைக் கண்டு பெரியப்பா எழும்பி வந்தார். எண்பது வயதிலும் அந்தக் கேள்விகளுக்கு அவரிடம் ஒரு ஒழுங்கு இருந்தது.

"தம்பி எவ்விடம்?"

"வல்வெட்டித்துறை."

"ஓ..." பெரியப்பா இழுத்தார். "ஆற்றை மகன்?"

கேட்டபிறகுதான் முகத்தை நேரே பார்த்தார்.

"நடராசலிங்கத்தின்ரை மகன்," என்றான் பிரவீணன். "அவருக்கு நான்தான் கொள்ளி வைச்சனான்."

முப்பது வயதில் தம்பி சண்முகம் எப்படி இருந்தானென்று அந்தக் கூட்டத்தில் பெரியப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். அந்த மூக்கு, ஒட்டிப் பிறந்த அந்தப் புருவம், இடது பக்கம் சரிந்த தோள் எல்லாம் இப்போது சேட்டுப் போட்டுக்கொண்டு அவருக்கு முன்னால் நின்றன. அவர் பெட்டிக்குள் பார்த்தார். திரும்பவும் பிரவீணனைப் பார்த்தார். கடைசியாக உதயகலாவைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

கதிரை ஒன்றை இழுத்து அவருக்குப் பின்னால் வைத்தாள்.

"இருங்கோ பெரியப்பா."

"பிள்ளை... இது... சண்முகம்..."

"ஓம்." அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி குனிந்து சொன்னாள். "நீங்கள் கலக்க விடமாட்டமெண்ட உப்புத்தண்ணிதான். நீங்கள் அங்கை போய் நிண்டு கதைக்கேக்கை, இந்தத் தம்பி அதே ஊரிலை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்."

பெரியப்பா கதிரையில் இருந்தார்.

"பேரப்பிள்ளையள் பந்தம் பிடிக்க வாங்கோ," என்று குருக்கள் கூப்பிட்டார்.

"பேரப்பிள்ளையள் இல்லை ஐயா," என்றார் யாரோ. "அயல் பிள்ளையள்தான்."

நெய்யில் தோய்த்த பந்தங்களை அயல்வீட்டுப் பிள்ளைகள் அடிபட்டு வாங்கினார்கள். உதயகலா ஒன்றை எடுத்துக்கொண்டு பிரவீணனிடம் போனாள்.

"இந்தமுறை கேட்டுத்தான் செய்யிறன். வேண்டாமெண்டா விடுறன். உந்தப் பிள்ளையளோடை ஒண்டாய் நிக்கும், ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவராது."

பிரவீணன் மனைவியைப் பார்த்தான். பிறகு கதிரையில் இருந்த கிழவரைப் பார்த்தான்.

"அவருக்குத் தெரியுமோ?"

"அவருக்குத் தெரியும்."

"அது காணும்," என்றான். மகளின் முதுகில் கை வைத்து முன்னால் விட்டான்.

உதயகலா நிவேதனாவைப் பெரியப்பாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். பந்தத்தை அவருடைய கையில் கொடுத்தாள்.

"பத்தவைச்சுக் குடுங்கோ பெரியப்பா. வீட்டுக்கு மூத்த ஆள் நீங்கள்தானே."

சுற்றிவர ஊர் நின்றது. மாட்டேன் என்றால் ஏனென்று கேட்கும். பெரியப்பா எழும்பினார். குத்துவிளக்கில் பிடித்த பந்தம் பற்றாமல் புகைந்தது. திரும்பவும் பிடித்தார். சுவாலை எழும்பியபோது, பிள்ளையின் கைக்கு எட்டும்படி முழங்கால் மடித்துக் குனியவேண்டியிருந்தது. உதயகலா அவருக்குக் கை கொடுக்கவில்லை.

"தாத்தா, சுடுமே?" என்று கேட்டாள் நிவேதனா.

"சுடாது பிள்ளை," என்றார் பெரியப்பா. "இறுக்கிப் பிடி."

பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி வந்தார்கள். நிவேதனாவின் பந்தம் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் தாழ்வாக எரிந்தது. பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு சுற்றிலும் அவருடைய முகத்தில் வெளிச்சம் விழுந்து போனது. அந்த முகத்தை விட்டு உதயகலா கண்ணெடுக்கவில்லை.

பெட்டி படலையைத் தாண்டியது. பறை ஒழுங்கை முடக்கில் திரும்பி மங்கத் தொடங்கியது. பெண்கள் நின்றுவிட்டார்கள். பிரவீணன் சுடலைக்குப் போகவில்லை. மதிலோரம் மோட்டச்சைக்கிளில் சாய்ந்தபடி, போகிற ஆட்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிவேதனாவின் கையெல்லாம் நெய். உதயகலா அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டுபோய், சவுக்காரம் போட்டு விரல் விரலாகத் தேய்த்தாள்.

"மாமி."

"ம்."

"பந்தம் தந்த தாத்தா ஏன் அழுதவர்?"

உதயகலா பிள்ளையின் கையைத் தூக்கி மணந்து பார்த்தாள். நெய் மணம் இன்னும் போகவில்லை. துலாக்கயிற்றைப் பிடித்து இன்னொரு வாளி தண்ணீர் அள்ளினாள்.