யார் பெயர் முன்னால்

டிக்கியே ஆற்றங்கரையில் நாங்கள் பேசும் மொழி எங்கள் குலத்துக்குச் சொந்தம். குலத்தில் மூத்த கிளை என்னுடையது. லவுரியானோ இளைய கிளை. வயதில் என்னைவிடப் பெரியவன், பல்லெல்லாம் கொட்டிவிட்டது. ஆனாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும். கூட்டத்தில் நான் பேசிய பிறகே அவன் வாயைத் திறக்க வேண்டும்.

நான் மேலாற்றில் மீன்பொறி வைக்கப் போயிருந்த நேரம், எங்கள் மொழியைப் பதிவு செய்ய இவோனெ என்ற பெண் நகரத்திலிருந்து வந்திறங்கினாள். திரும்பி வந்து பார்த்தால், பதிவுக் கருவியின் முன்னால் அந்தப் பல்லில்லாத வாய்! நாளை எங்கள் பேரப்பிள்ளைகள் கேட்கப்போகும் முதல் குரல் இளைய கிளையின் குரல். 

அந்தப் பக்கமே போகவில்லை. பதிவு நடந்த வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. மரவள்ளி ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி என் மனைவி மார்சியானா சொன்னாள்: "மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, அந்தக் கருவி உங்களத் தேடி நடந்து வருமா?"

போனேன். இவோனெ பதிவைப் போட்டுக் காட்டினாள். ஆள் பெயரில் தொடங்கி ஒரு வாக்கியம், 'அவன்' என்று ஒன்று, 'எங்களுக்கு' என்று ஒன்று என அவனிடம் கேட்டு வாங்கியிருந்தாள். லவுரியானோவின் குரல் வந்தது:

"பெலிஸ்பெர்த்தோ மீன் கொண்டுவந்தான். அவன் தனியாத் தின்னான். எங்களுக்கு முள்ளுதான்."

வீடே குலுங்கிச் சிரித்தது.

"ஏன்டா, உனக்கு என் பேருதான் கெடச்சுதா?"

"மூத்தவங்க பேரு முன்னால வரணும்ல அண்ணே? நான் வழக்கத்த மீறுவேனா?"

"நீங்களும் சொல்லுங்க பெரியவரே," என்றாள் இவோனெ.

உட்கார்ந்தேன். லவுரியானோவின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது: அவன் பெயரில் தொடங்கினால், இளையவனை முன்னால் வைத்தவன் நானே ஆவேன். தன் பெயரைத் தானே சொல்லும் வழக்கமோ எங்களிடம் இல்லை. அவன் ஈறு தெரியச் சிரித்தபடி காத்திருந்தான்.

"எங்கப்பா மீன் கொண்டுவந்தாரு," என்றேன். "அவரு எல்லாருக்கும் பங்கு வெச்சாரு. லவுரியானோ மட்டும் ரெண்டு தடவ வந்து வாங்குனான்."

"நெசந்தான், நான் பாத்தேன்!" என்று, என் பின்னாலேயே வந்து நின்றிருந்த மார்சியானா கத்தினாள். லவுரியானோவும் தொடையில் தட்டிச் சிரித்தான்.

"இத அவனோடதுக்கு முன்னால போட்டுரும்மா," என்றேன். இவோனெ தலையாட்டினாள்.

எல்லாம் முறைப்படி ஆகிவிட்டது. ஆனால் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டேன். எனக்கு விழுந்ததைவிட அவனுக்கு விழுந்த சிரிப்புதான் பெரிது.

"நிறுத்திராதம்மா. இன்னொண்ணு இருக்கு," என்றேன்.